300 வெள்ளிக்கு டிராக்கில் போட ஹெல்மெட் கிடைக்குமா?

கேள்வி: "அண்ணே, சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். கூட்டாளிகளோடு செப்பாங் டிராக்குக்கு ஒரு நாள் ஓட்டப் போகலாம் என்று யோசனை. மோட்டார் சைக்கிள் யமஹா ஒய் 15. ஹெல்மெட்டுக்குக் கையில் 300 வெள்ளிதான் இருக்கு. பட்டணத்துக் கடையில் கேட்டால் 'உயிர் வேணும்னா அராய் எடு, இல்லாட்டி டிராக் பக்கமே போகாதே' என்கிறார்கள். நான் போடுவது எல் சைஸ். எதை எடுக்கலாம்?"

ஜனவரி 4

நானும் சுங்கை சிப்புட்தான் தம்பி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அராய் நல்ல ஹெல்மெட், அதில் தகராறு இல்லை. ஆனால் விலைச்சீட்டு மண்டையைக் காப்பாற்றாது. இங்கிலாந்து அரசாங்கம் 2007இல் ஷார்ப் என்று ஒரு திட்டம் ஆரம்பித்து, கடையில் விற்கும் ஹெல்மெட்டுகளையே எடுத்து மோதிப் பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடுகிறது. விலை குறைந்தவற்றில் சிலது ஐந்தும் வாங்கியிருக்கிறது, விலை கூடியவற்றில் சிலது அதற்குக் கீழே நின்றிருக்கிறது. அந்தச் சோதனையெல்லாம் அளவு சரியாக இருக்கிற பொம்மைத் தலையில் மாட்டிச் செய்வது. உன் தலையில் அது ஆடிக்கொண்டிருந்தால் அந்த நட்சத்திரத்தில் உனக்குப் பங்கு கிடையாது.

அப்புறம் அந்த "எல் சைஸ்". யாருடைய எல்? ஒருத்தன் 59-60 சென்டிமீட்டரை எல் என்பான், இன்னொருத்தன் அட்டவணையில் அது எம் என்றே இருக்கும். தலையை அளந்தாயா என்பதை முதலில் சொல். பிராண்டு பற்றி அதற்கு அப்புறம் பேசலாம்.

ஜனவரி 4, இரவு

அளக்கவில்லையாம். சரி.

தையல்காரர் டேப் எடு. புருவத்துக்கு மேலே ஒரு அங்குலம், காதுக்கு மேலே, பின்மண்டையில் ரொம்பப் புடைத்திருக்கும் இடம், இந்த மூன்றையும் தொட்டுச் சுற்று. கொஞ்சம் மேலே கீழே நகர்த்தி மறுபடியும் அள, வந்ததில் கூடின எண்தான் உன் அளவு. டேப் இல்லாவிட்டால் நூலைச் சுற்றி அடிக்கோலில் வைத்துப் பார். இரும்பு டேப் மட்டும் வேண்டாம். எங்கள் மில்லில் ஒரு பையன் பட்டறை டேப்பைத் தலையில் சுற்றி 66 என்று வந்து நின்றான். அவன் தலைக்கனம் எங்களுக்குத் தெரியும், ஆனால் அவ்வளவு இல்லை.

ஜனவரி 6

58 என்கிறாய். அப்படியானால் நீ பெரும்பாலான கம்பெனிகளில் எம். இத்தனை நாள் எல் போட்டு ஓட்டியிருக்கிறாய். ஆச்சரியமில்லை, நம் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான். மாட்டும்போது லகுவாக இறங்கினால் "சரியா இருக்கு" என்று நினைக்கிறோம். கடைக்காரரும் அதைத்தான் விரும்புகிறார், சீக்கிரம் காசு வாங்கலாம்.

எண் மட்டும் போதாது, தலையின் உருவமும் இருக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் சிலருக்கு நீளவாக்கில் முட்டை வடிவம், சிலருக்குக் கிட்டத்தட்ட வட்டம், பாக்கிப் பேர் இரண்டுக்கும் நடுவில். ஒரே 58 சென்டிமீட்டர் உள்ள இரண்டு பேருக்கு ஒரே ஹெல்மெட் பொருந்தாமல் போவது இதனால்தான். கண்டுபிடிக்க வழி இருக்கிறது: மாட்டிய கொஞ்ச நேரத்தில் நெற்றி நடுவில் வலித்து, காதுக்கு மேல் பக்கவாட்டில் இடம் இருந்தால் உன் தலை அந்த ஹெல்மெட்டை விட நீளம். பொட்டுப் பக்கம் இரண்டும் நெரித்து, நெற்றிக்கு முன்னாலும் பின்மண்டையிலும் விரல் போகிறது என்றால் உன் தலை வட்டம், ஹெல்மெட் நீளம். இரண்டிலும் பெரிய சைஸ் வாங்கித் தப்பிக்கப் பார்க்காதே. வேறு மாடல் பார். ஆசிய நாடுகளில் விற்க வரும் மாடல்கள் கொஞ்சம் வட்டமாக இருக்கும், ஐரோப்பாவுக்குச் செய்தவை கொஞ்சம் நீளம். இது பொதுவாகச் சொல்வது. உன் தலை எந்த நாட்டுத் தலை என்று மாட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

ஜனவரி 7

கடையில் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று பேர் தனியாகக் கேட்டுவிட்டார்கள், எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே.

வாரை இரண்டு கையாலும் வெளிப்பக்கமாக இழுத்து விரித்துக்கொண்டு மாட்டு. இறங்கும்போது காது மடங்குகிற அளவுக்கு இறுக்கம் இருக்கட்டும். கன்னம் இரண்டும் உள்ளே தள்ளி வாய் குவிந்து நிற்கும், கண்ணாடியில் பார்த்தால் சிரிப்பு வரும், வரட்டும். இப்போது ஹெல்மெட்டைப் பிடித்து இடவலமாகத் திருப்பு, மேலே கீழே அசை. நெற்றித் தோலும் கன்னத் தோலும் கூடவே நகர வேண்டும். ஹெல்மெட் தனியாகச் சறுக்கினால் பெரிது. அப்புறம் வாரைக் கட்டிவிட்டுக் குனி. பின்னால் கழுத்துப் பக்க விளிம்பில் இன்னொருத்தரைக் கை வைத்து மேல்நோக்கி முன்பக்கமாகத் தள்ளச் சொல். கண்ணை மறைத்துக்கொண்டு முன்னால் உருண்டு வந்தால் விலை என்னவாக இருந்தாலும் அலமாரியில் திருப்பி வை. கீழே விழுந்து உருளும்போது நடப்பதும் அதுதான்.

இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. முடிந்தவுடன் கழற்றாதே. மாட்டிக்கொண்டே கடையில் அரைமணி நேரம் சுற்று. முதலாளி முறைப்பார். ஈப்போவில் ஒரு கடையில் என்னைப் பார்த்து "வாங்கப் போறீங்களா, இங்கேயே குடியிருக்கப் போறீங்களா" என்றே கேட்டுவிட்டார். கழற்றிய பிறகு நெற்றியைப் பார். எல்லா இடமும் லேசாகச் சிவந்திருந்தால் நல்லது. ஒரே இடத்தில் காசு அளவுக்குச் சிவந்திருந்தால் அந்த இடம் இரண்டாவது ஓட்டத்தில் தலைவலியாக மாறும். பகல் வெயிலில் அந்த வலியோடு செப்பாங்கில் 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. பிரேக் போட வேண்டிய இடத்தில் நெற்றியைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பாய்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு போய்ப் பாருங்கள். ஹெல்மெட்டுக்குள் துணிமுகமூடி போடும் பழக்கம் இருந்தால் அதோடும்.

ஜனவரி 7, பிறகு

ஒருவர்: "கன்னம் அழுத்துது, பேசினால் வாய்க்குள் சதையைக் கடிக்கிறேன்." பேசாமல் ஓட்டுங்கள்.

ஜனவரி 9

கன்னம் இறுக்கம் என்று எழுதியதைப் பார்த்து ஒருத்தர் ஒரு சைஸ் குறைத்தே வாங்கிவிட்டாராம், தாடை திறக்க முடியவில்லையாம். அதனால் கொஞ்சம் விளக்கம். கன்னத்துப் பஞ்சு பழகப் பழக அமுங்கும், அதனால் அங்கே இறுக்கம் நல்லது. உச்சந்தலையிலும் நெற்றியிலும் பஞ்சு மெல்லிசு. அதற்குப் பின்னால் இருப்பது வெள்ளைத் தெர்மக்கோல் மாதிரியான கெட்டி நுரை. மோதலில் நசுங்கி அடியை வாங்கிக்கொள்வது அதுதான், நீ போட்டுப் பழகுவதால் ஒரு மில்லிமீட்டரும் விட்டுக்கொடுக்காது. நெற்றியில் இன்று வலித்தால் அடுத்த வருஷமும் வலிக்கும். கன்னப் பஞ்சைக் கழற்றி வேறு தடிமனில் மாற்றக்கூடிய மாடல் என்றால் பிரச்சினை பாதி தீர்ந்தது, வாங்கும்போதே கேளுங்கள்.

இன்னொன்று. மலிவான மாடல் சிலவற்றில் எல்லா சைஸுக்கும் ஒரே ஓடுதான், உள்ளே பஞ்சை மட்டும் கூட்டிக் குறைத்திருப்பார்கள். 55 சென்டிமீட்டர் தலைக்கு அதைப் போட்டால் கழுத்துக்கு மேல் தண்ணீர்த் தொட்டி வைத்த மாதிரி இருக்கும். சின்னத் தலைக்காரர்கள், பெண்கள், எத்தனை அளவு ஓடு செய்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

ஜனவரி 13

சான்று முத்திரை பற்றி. இதில்தான் ரொம்பப் பேர் குழம்புகிறார்கள், குழம்புவதில் நியாயமும் இருக்கிறது.

நம் மலேசியச் சாலைக்கு, நாட்டின் தரச்சான்று நிறுவனமான சிரிம் கொடுக்கும் முத்திரை வேண்டும். 1973இலிருந்து இங்கே மோட்டாரில் ஹெல்மெட் கட்டாயம். டிராக்கில் வேறு கணக்கு. ஏற்பாட்டாளர் தன் விதித்தாளில் எதை எழுதியிருக்கிறாரோ அதுதான் சட்டம். அதில் அடிக்கடி வருவது ஐரோப்பாவின் இசிஇ 22, அமெரிக்காவின் ஸ்னெல். வாரில் தைத்த துண்டுத்துணியைப் பார்: வட்டத்துக்குள் இ (E) என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும். அந்த எண் எந்த நாடு ஒப்புதல் கொடுத்தது என்பதைச் சொல்கிறது, 3 என்றால் இத்தாலி, 9 ஸ்பெயின். அது தரவரிசை இல்லை, "ஒன்பது பெரிசு, மூணு சின்னது" என்று ஒரு கடைப்பையன் விளக்கம் கொடுத்தான், நம்பாதே. அதற்குக் கீழே வரும் நீண்ட எண் 05 என்று ஆரம்பித்தால் பழைய 22.05, 06 என்றால் புதிய 22.06. புதியதில் பல வேகங்களிலும் பல இடங்களிலும் அடித்துப் பார்க்கிறார்கள், ஓடு சாய்வாக உரசும்போது தலை சுழல்வதையும் அளக்கிறார்கள். எண்ணுக்குப் பின்னால் பி (P) இருந்தால் தாடைப்பகுதியும் சோதனையில் தேறியது, ஜே (J) என்றால் தாடைக்குக் காப்பு இல்லாத திறந்த முக வகை. டிராக்குக்கு பி.

300 வெள்ளியை ஒட்டி 22.06 முத்திரையோடு முழுமுக ஹெல்மெட் கிடைக்கிறது. எல்எஸ்2, கேஒய்டி மாதிரிக் கம்பெனிகளின் கீழ்வரிசையில் தேடு. பிளாஸ்டிக் ஓடுதான், ஃபைபர் இல்லை, எடை கொஞ்சம் கூடும். கப் பிரி என்ற உள்ளூர் மோட்டார் பந்தய வீரர்களுடைய படம் போட்ட டிசைன் கேட்காதே, ஒற்றை நிறம் எடுத்தால் மிச்சமாகும் காசில் கையுறை பார்க்கலாம்.

ஜனவரி 14

யோசித்துப் பார்த்ததில் மேலே சொன்ன விலையில் ஒரு இடறல் இருக்கிறது. அந்த விலையில் வருகிறவை நிறைய, பற்சக்கரம் மாதிரி "கரக்" என்று பூட்டுகிற கொக்கியோடு வரும். மோட்டார் டிராக் நாள் பலவற்றில் இரட்டை டி வளையம் கேட்கிறார்கள், அதாவது வாரை டி வடிவ வளையம் இரண்டில் கோத்து இழுத்துக் கட்டுவது. முதலில் ஏற்பாட்டாளருக்கு வாட்சப் போட்டு இதைக் கேள். வளையம் வேண்டும் என்றால் 400 பக்கம் போக வேண்டியிருக்கும். இன்னும் ஒரு மாதம் பொறுத்து அதையே எடு. தோல் உடையையும் பூட்ஸையும் வாடகைக்கு எடுக்கலாம், ஹெல்மெட்டை அப்படி எடுக்காதே. வாடகை ஹெல்மெட் உன் தலைக்கு அமைந்தால் அது அதிர்ஷ்டம்தான், அந்த வாசனையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 19

பழைய புரோட்டோன் சத்ரியா கார் வைத்திருக்கும் ஒருவர் கேட்கிறார்: மோட்டாருக்கு வாங்கிய ஹெல்மெட்டையே கார் பந்தயத்துக்குப் போட்டால் என்ன?

கூம்பு வைத்து வளைத்து ஓட்டும் உள்ளூர் ஜிம்கானாவுக்குப் பெரும்பாலும் விடுவார்கள். சர்க்யூட் பந்தயம் என்றால் விடமாட்டார்கள், காரணமும் இருக்கிறது. காரில் இரண்டு விஷயம் வேறு: தீ, அப்புறம் உள்ளே இருக்கும் இரும்புக் கூண்டு. ஸ்னெல்லின் எஸ்ஏ வரிசை, அதாவது எஸ்ஏ2020, இப்போது எஸ்ஏ2025, இதில் உள்துணி தீயைத் தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள், கூண்டுக் கம்பி மாதிரியான இரும்பில் ஒரே இடத்தை மறுபடியும் மறுபடியும் மோதுகிறார்கள். எம் வரிசை மோட்டாருக்கு, தீச்சோதனை கிடையாது, பக்கப் பார்வை அதிகம் வேண்டும் என்பதால் முகத்திறப்பு அகலம். கே வரிசை கோகார்ட்டுக்கு: மோதல் சோதனை எஸ்ஏ மாதிரி, தீ இல்லை. ஸ்னெல் பெரும்பாலும் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதிய பதிப்பு விடும். நீங்கள் இன்று தள்ளுபடியில் வாங்கும் பழைய பதிப்பை உங்கள் ஏற்பாட்டாளர் எந்த வருஷம் வரை ஏற்பார் என்று கேட்டுவிட்டுத்தான் காசை எடுக்க வேண்டும்.

கழுத்துக்காப்பு ஹான்ஸ் போடும் எண்ணம் எதிர்காலத்திலாவது இருந்தால், அதன் வாரை மாட்டும் திருகு ஓட்டை ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் கம்பெனியிலேயே வந்திருக்க வேண்டும். பட்டறையில் டிரில் போட்டுக்கொள்ளலாம் என்று ஒருத்தர் எழுதியிருக்கிறார். ஐயா, வேண்டாம். நான் ஃபிட்டர், எதைக் கண்டாலும் ஓட்டை போட நினைக்கிறவன், நானே சொல்கிறேன்.

விலை? கார் ஹெல்மெட் நல்ல முத்திரையோடு ஆயிரம் வெள்ளியை ஒட்டித்தான் ஆரம்பிக்கிறது. மலிவு என்று இதில் ஒன்றும் இல்லை.

ஜனவரி 22

செகண்ட்ஹேண்ட்: வேண்டாம். விழுந்ததா என்று வெளியே பார்த்துத் தெரியாது, நுரை உள்ளே நசுங்கியிருக்கும். சொந்த அண்ணன் கொடுத்தாலும் அவன் தலை உருவத்துக்குப் பழகிய பஞ்சு அது.

ஜனவரி 23

"சொந்த அண்ணன்" என்று எழுதியதற்கு என் தம்பி போன் செய்தான். அது பொதுவாகச் சொன்னது.

பிப்ரவரி 3

தைப்பூசம் முடிந்து ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலில் மொட்டை போட்டுவிட்டு வந்த ஒருவர் "போன மாசம் சரியாக இருந்த ஹெல்மெட் இப்போது சறுக்குது" என்கிறார். சிரிக்காதீர்கள், நியாயமான கேள்வி. அடர்த்தியான முடி போனால் இடம் விடும். முடி வளரும் வரை துணிமுகமூடி ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம், மெல்லிய இடைவெளியை அது அடைக்கும். அதற்கும் ஆடினால் அதுவரை டிராக்குக்குப் போக வேண்டாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். மொட்டை போடப் போகிறீர்கள் என்று தெரிந்தால் ஹெல்மெட் வாங்குவதை அதற்கு முன்னால் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நீளமுடி வைத்திருக்கும் பெண்களுக்கு: கொண்டை போட்டு ஹெல்மெட் மாட்ட முடியாது, பின்னல் தாழ்வாகக் கழுத்துக்குக் கீழே போகட்டும்.

தேங்காய் எண்ணெய் பற்றி ஒருவர் கேட்டார். ஓட்டுகிற அன்று காலையில் தடவாதீர்கள், உள்பஞ்சு ஊறிவிடும், வாசனை போகாது. கழற்றக்கூடிய பஞ்சு என்றால் குழந்தை ஷாம்பூ, சாதாரணத் தண்ணீர், நிழலில் காயல். பிளாஸ்டிக் ஓட்டைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைப்பதும், தின்னர் போட்டுப் பழைய ஸ்டிக்கரை எடுப்பதும் ஓட்டைக் கெடுக்கும். பட்டறைக்காரர்கள் நாமெல்லாம் கை துடைத்த துணியிலேயே எல்லாவற்றையும் துடைப்போம், அதனால்தான் எழுதுகிறேன்.

பிப்ரவரி 8

பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், 120 வெள்ளிக்குப் பெரிய பிராண்டுப் பெயரோடு ஒன்று பார்த்ததாகப் படம் வந்திருக்கிறது. படத்திலேயே தெரிகிறது: வாரில் துண்டுத்துணி இல்லை, முத்திரை வெறும் ஸ்டிக்கராகப் பின்பக்கம் ஒட்டியிருக்கிறது. கையில் எடுத்தால் பஞ்சைத் தூக்கி உள்நுரையை அழுத்திப் பாருங்கள், மெல்லிசாக இருக்கும், சிலதில் பாதி இடத்தில்தான் இருக்கும். தயாரித்த மாதமும் வருஷமும் எங்கேயாவது அச்சாகியிருக்கிறதா? இல்லையென்றால் அது தொப்பி.

பிப்ரவரி 9

செம்பனைக்குள் மண்சாலையில் ஸ்கிராம்ப்ளர் ஓட்டும் கூட்டம் இங்கே ஒரு பக்கம் பேச்சை இழுக்கிறது. உங்களுக்கு முன்விளிம்பு நீட்டிய மோட்டோகிராஸ் ஹெல்மெட்டும் கண்ணாடிக்கவசமும்தான் சரி, செம்மண் தூசியில் முழுமுக ஹெல்மெட்டின் கண்ணாடி கொஞ்ச நேரத்திலேயே கீறல் விழும், மூச்சும் முட்டும். அதைப் போட்டுக்கொண்டு செப்பாங் நேர்ப்பாதையில் போனால் அந்த நீட்டலைக் காற்று பிடித்துத் தலையைப் பின்னால் இழுக்கும். இரண்டுக்கும் ஒரே ஹெல்மெட் என்ற ஆசையை விட்டுவிடுங்கள்.

பிப்ரவரி 15

"இவ்வளவு பேசுறீங்க, 2011இல் செப்பாங்கில் சிமொன்செல்லிக்கு என்ன ஆச்சு?" என்று ஒருவர்.

அக்டோபர் 23. மார்கோ சிமொன்செல்லி விழுந்து, பின்னால் வந்த மோட்டார்கள் மோதி, ஹெல்மெட் தலையிலிருந்து கழன்றே போனது. அன்று இறந்தார், வயது 24. உலக மோட்டார் பந்தய வரிசை வீரர், உச்சத் தரமான ஹெல்மெட். அந்த மாதிரி மோதலுக்கு முன்னால் எந்த ஹெல்மெட்டும் உத்தரவாதம் கொடுக்காது. கேட்டவர் இதை வைத்து "அப்புறம் எதற்குப் பார்த்துப் பார்த்து வாங்கணும்" என்று முடிக்கிறார், எனக்கு அது நேர் எதிராகப் படுகிறது. நம்மை மாதிரி ஆட்கள் விழுவது பெரும்பாலும் தனியாக, வளைவில் டயர் வழுக்கி. அப்படிப்பட்ட விழுகைக்குத்தான் இந்த 400 வெள்ளிச் சாமான், அதுவும் தலையில் இருந்தால்தான் வேலை செய்யும்.

வார் தாடைக்கு அடியில் இரண்டு விரல் சிரமப்பட்டு நுழையும் அளவுக்கு இருக்கட்டும். நான் டிராக்கில் நுழைவாசலில் பார்க்கிறேன், ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு வாரில் முழுக் கையும் போகிற மாதிரி தொங்கவிட்டு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சொன்னால் "மூச்சு முட்டுது அண்ணே" என்பார்கள்.

மார்ச் 1

முதலில் கேள்வி கேட்ட தம்பி மறுபடியும் எழுதியிருக்கிறான். ஈப்போ போய்க் கடை கடையாக ஏறி இறங்கி, 390க்கு எம் சைஸ், வெள்ளை நிறம், 22.06, இரட்டை வளையம் எடுத்துவிட்டானாம். முதலில் பிடித்த மாடலில் பொட்டு நெரித்ததாம், அதனால் இது இரண்டாவது பிடித்தது. நல்லது. கருப்புக் கண்ணாடி மாற்றலாமா என்று கேட்கிறான். மாற்று, ஆனால் பழைய வெள்ளைக் கண்ணாடியையும் பையில் எடுத்துப் போ. செப்பாங்கில் மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் வானம் எப்போது இருட்டும் என்று சொல்ல முடியாது, மழையில் கருப்புக் கண்ணாடியோடு வளைவு தெரியாது. மாற்றுவதை வீட்டிலேயே பழகிக்கொள், டிராக் ஓரப் பிட்டில் நகத்தால் நெம்பிக் கொக்கியை உடைப்பவர்கள் அதிகம்.

வளையத்தில் போட்டு இழுத்தபின் மிச்சமிருக்கும் வார் நுனியை அதிலுள்ள பட்டனில் மாட்டிவிடு, வேகத்தில் அது கழுத்தில் படபடவென்று அடித்தே உன்னைத் தொந்தரவு செய்யும்.